கலவையா, கல்வேயா? புதுச்சேரிப் பள்ளிக் கட்டடங்களின் முகப்பெழுத்துகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிக் கட்டடத்தின் முகப்பில் பேரளவில் அமைக்கப்படும் பெயரெழுத்தும் சுவர் வரைவும் பொறியியல் பணிகளாகவோ அழகுபடுத்தும் பணிகளாகவோ மட்டுமே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அவை எழுத்திலக்கணம், பெயராய்வு, ஒலிபெயர்ப்பு ஆகிய துறைகளோடு நெருங்கிய தொடர்புடைய மொழிப்பணிகளும் ஆகும். இக்கருத்தைப் புதுச்சேரி நகரப் பள்ளிகளை, சிறப்பாக 1877-இல் தோன்றிய கலவைக் கல்லூரியை, முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. எந்த மொழி மேலே, எந்த மொழி பெரிதாக என்னும் இரு அளவைகள் மட்டும் முகப்பெழுத்தை மதிப்பிடப் போதா. பெயரின் எழுத்து வடிவம், எழுத்து சுவரோடு கொள்ளும் பிணைப்பு, நிற்பவர் கண்ணுக்கு அது தரும் வாசிப்பு ஆகிய மூன்றும் உடன் நோக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, கலவைக் கல்லூரி, முகப்பெழுத்து, ஒலிபெயர்ப்பு, புள்ளி, பெயர்ப்பலகை, சுவர் வரைவு.

முன்னுரை

ஒரு மாணவர் தம் பள்ளி வாழ்வில் மிகுதியான முறை காணும் எழுத்து பாடநூலில் உள்ளதன்று. பள்ளியின் வாயிலில் உள்ளது. பாடநூல் ஆண்டுதோறும் மாறுகிறது, வாயிலெழுத்து மாறுவதில்லை. அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் அப்பிழை பல தலைமுறைகளின் கண்ணில் சரியான வடிவமாகப் படிந்துவிடும். பாடநூலைச் சரிபார்க்கக் குழுக்கள் உள்ளன. முகப்பெழுத்தின் சொல்வடிவமோ ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியலில் ஒரு வரியாக அடங்கிப்போகிறது.

புதுச்சேரியில் இச்சிக்கல் கூடுதல் அடர்த்தி உடையது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கு நிலைகொண்டது முதல் பிரெஞ்சும் தமிழும் ஒரே தெருவில் வழங்கி வந்துள்ளன. 1954 நவம்பர் 1-இல் நடைமுறை அதிகார மாற்றமும், 1956 மே 28-இல் ஒப்பந்தமும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பும் நிகழ்ந்தன. மக்கள் பிரதிநிதிகள் வேறுவகையில் முடிவு செய்யும்வரை பிரெஞ்சு அலுவல் மொழியாகத் தொடரும் என அவ்வொப்பந்தம் கூறியது. 1965-ஆம் ஆண்டின் அலுவல்மொழிச் சட்டம் தமிழுக்கு இடமளித்து, ஆங்கிலத்தின் பயன்பாட்டையும் ஏற்றது. ஆகவே இந்நகரப் பள்ளியொன்றின் முகப்பில் பெயர் எழுத முற்படுபவர் மூன்று மொழிகளையும் இரண்டு எழுத்து முறைகளையும் எதிர்கொள்கிறார். வடிவமைப்பாளருக்கு இது இடப்பங்கீட்டுச் சிக்கலாகத் தோன்றுகிறது. தமிழாய்வாளருக்கு இது மொழிச்சிக்கல்.

1. பெயர்களின் மூன்று அடுக்குகள்

புதுச்சேரி நகரப் பள்ளிப் பெயர்களை மூன்று அடுக்குகளாகப் பகுக்கலாம். முதலடுக்கு பிரெஞ்சுப் பொதுப்பெயர்கள். 1844-இல் தோன்றிய பெத்தி செமினார் ‘சிறிய குருமடம்’ என்னும் பொருளுடைய பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ‘பான்சியோனா தெ ழேன் ஃபீய்’ என்பது இளம்பெண்களுக்கான உறைவிடப் பள்ளி என்னும் பொருளது. அப்பெயரோடு அரசுப் பள்ளி ஒன்று உள்ளது. ‘எக்கோல் ஆங்லேஸ்’ என்னும் அரசுப் பள்ளியின் பெயர் இன்னும் நுட்பமானது. ஆங்கிலப் பள்ளி என்னும் பொருளைப் பிரெஞ்சு மொழியில் கூறும் அத்தொடர், இன்று தமிழெழுத்தில் எழுதப்பட்டு ‘அரசு உயர்நிலைப் பள்ளி’ என்னும் தமிழ்த் தொடரோடு இணைகிறது.

இரண்டாம் அடுக்கு புரவலர் பெயர்கள். கலவை சுப்பராய செட்டியார் பெயரில் அமைந்த கல்லூரி இதற்குத் தலையாய சான்று. மூன்றாம் அடுக்கு தமிழ்ச் சான்றோர் பெயர்கள். திருவள்ளுவர், வ.உ.சி., சுப்பிரமணிய பாரதியார், ஜீவானந்தம் ஆகியோர் பெயர்களை அரசு மேல்நிலைப் பள்ளிகள் தாங்குகின்றன.

முகப்பெழுத்து நோக்கில் இம்மூன்றும் ஒரே வகையின அல்ல. மூன்றாம் அடுக்கில் தமிழ் வடிவமே மூலம். பிற எழுத்து அதன் பெயர்ப்பு. முதலடுக்கில் பிரெஞ்சு மூலம். தமிழ் அதன் ஒலிபெயர்ப்பு. இரண்டாம் அடுக்கில் எது மூலம் என்பதே வினா. மூன்று அடுக்குகளையும் ஒரே மாதிரிப் பலகையில், ஒரே வரிசை முறையில் எழுதும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

2. கலவை, கல்வே: ஒரு பெயரின் பயணம்

மிஷன் வீதியில் உள்ள இப்பள்ளி 1877-இல் தோன்றியது. பிரான்சில் மூன்றாம் குடியரசு நிலைபெற்றுவந்த காலம் அது. கட்டணமற்ற, சமயம் சாராத, கட்டாயத் தொடக்கக் கல்விக்கு வழிவகுத்த ழுய்ல் ஃபெரி சட்டங்கள் 1881–82-இல் வந்தன. அக்காலப் பிரெஞ்சுப் பள்ளிகள் தம் பெயரைக் கட்டட முகப்பிலேயே செதுக்கிக்கொண்டன. பள்ளியின் பெயர் கட்டடக் கலையின் ஓர் உறுப்பு என்னும் எண்ணம் அம்மரபில் வேரூன்றியது.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்பகுதியில், தமிழ்ப் புரவலர் ஒருவரின் பெயரால் அமைந்த இப்பள்ளியின் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ‘கல்வே’ என்று ஒலிக்குமாறு அமைந்தது. ‘கலவை’ என்னும் தமிழ் வடிவத்தோடு இதனை ஒப்பிட்டால் இரண்டு மாற்றங்கள் புலப்படும். இடைநின்ற லகரத்தின் அகரம் கெட்டது. ஈற்று ஐகாரம் பிரெஞ்சின் குறியிட்ட ‘எ’ ஒலியாயிற்று. இரண்டாவது மாற்றம் தனித்து நிகழ்ந்ததன்று. ‘பிள்ளை’ என்னும் பெயரீறு புதுச்சேரிப் பிரெஞ்சு ஆவணங்களில் ‘புல்லே’ என ஒலிக்கும் வடிவம் பெற்றதும் இவ்வாறே. உழவர்கரை ‘உல்கரே’ என்றும், வில்லியனூர் ‘வில்லெனூர்’ என்றும், அரியாங்குப்பம் ‘அரியான்குபாம்’ என்றும் பிரெஞ்சு எழுத்தில் வடிவு கொண்டன. எனவே ‘கல்வே’ ஒரு தனிமனிதப் பிழையன்று. தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்குள் சென்ற பொதுநெறியின் விளைவு.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. பிரெஞ்சு வடிவம் மீண்டும் தமிழெழுத்துக்குத் திரும்பியபோது ஐகாரத்திற்கு மீளாமல் ஏகாரத்தில் நின்றுவிட்டது. ஐகாரம் பிரெஞ்சு ‘எ’ ஆகி, அது தமிழ் ஏகாரமாகிவிட்ட இச்சுற்றுப் பயணத்தில் ஒரு தமிழ்ப் பெயர் தமிழெழுத்திலேயே அயற்பெயர் ஆகிவிட்டது. கலவை என்பது தமிழ்ச் சொல். இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் ஊர்ப்பெயராகவும் வழங்குவது. ‘கல்வே’ என்பதற்குத் தமிழில் பொருளில்லை. அதைப் படிக்கும் மாணவர் அதனை ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் எனக் கொள்ளவே வாய்ப்பு மிகுதி.

இரு வடிவங்களும் இன்று அச்சிலும் பேச்சிலும் வழங்குகின்றன. பாரதிதாசன் (1891–1964) பயின்ற பள்ளியாக இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ‘கல்வே கல்லூரி’ என்றே குறிக்கின்றன. உள்ளூர் வழக்கில் ‘கலவைக் கல்லூரி’ நிலைத்துள்ளது. அதே புரவலர் பெயர் தாங்கும் தெருவை நகரத்தார் வைசியாள் வீதி என வழங்குகின்றனர். மரபுக் கட்டடப் பாதுகாப்புக்காக அத்தெரு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது வரிசையில் இடம்பெற்றது. சுவர்களும் தூண்களும் மீட்கப்பெறும் நகரில், பெயரின் மூலவடிவத்தை மீட்பதும் அப்பணியின் பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

இதனோடு நகரின் தெருப்பெயர்களை ஒப்பிடுதல் பயன் தரும். துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி முதலிய வடிவங்களில், பிரெஞ்சு மொழிக்கே உரிய, இதழ் குவித்து ஒலிக்கும் முன்னுயிரைத் தமிழில் ‘உய்’ எனக் காட்டும் நெறி பயின்று வருகிறது. ஆங்கில உச்சரிப்பின் வழியாகச் செல்லாமல் பிரெஞ்சு ஒலியை நேரே செவிமடுத்துத் தமிழாக்கிய நெறி இது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழெழுத்தில் பதிந்த மரபு இதற்கு முன்னோடி. வடசொற்களை வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் ஆளுமாறு தொல்காப்பியம் வகுத்த நெறியும், நன்னூல் கூறும் தற்பவமும் இங்கே அயன்மொழிப் பெயர்களுக்கு விரிந்து பயன்படுகின்றன. ஆகவே துய்மாவைத் ‘துய்மா’ என எழுதுவது தமிழ் மரபு. கலவையைக் ‘கல்வே’ என எழுதுவது அம்மரபைத் தவறான இடத்தில் பொருத்துவது. தமிழ்ப் பெயருக்கு ஒலிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

3. ‘கல்லூரி’ என்னும் சொல்

பெயரின் இரண்டாம் உறுப்பும் கருதத்தக்கது. பிரெஞ்சில் ‘கொலேழ்’ என்பது இடைநிலைக் கல்விக்கூடம். தமிழில் ‘கல்லூரி’ இன்று பள்ளிக்கு மேற்பட்ட உயர்கல்வி நிறுவனத்தைக் குறிக்கிறது. 1826-இல் அரச கொலேழ் எனத் தொடங்கிய நிறுவனம் பின்னர்க் குடியேற்ற ஆட்சியின் கொலேழ் எனப் பெயர் பெற்று, இன்று லிசே பிரான்சே எனப் பள்ளியாகவே விளங்குவதும் அப்பிரெஞ்சுப் பொருளை உறுதிப்படுத்தும்.

இவ்வேறுபாட்டை அறியாமல் எழுதப்படும் முகப்பில் ‘கல்லூரி’, ‘மேல்நிலைப் பள்ளி’ என்னும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது முரண் தோன்றுகிறது. ‘கல்லூரி’ அங்கே நிறுவன வகையைக் கூறவில்லை. சிறப்புப் பெயரின் பகுதியாக நிற்கிறது. ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ என்பதே வகையைக் கூறுகிறது. இவ்விரு பணிகளையும் எழுத்தளவாலும் வரிப்பகுப்பாலும் வேறுபடுத்தல் வடிவமைப்பாளர் கடமை. ‘கலவைக் கல்லூரி’ ஒரு வரியிலும் ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ சற்றுச் சிறிய எழுத்தில் அடுத்த வரியிலும் அமைந்தால் முரண் நீங்கும். ஐந்து சொற்களையும் ஒரே வரியில் ஒரே அளவில் ஓடவிடுவதே குழப்பத்தை விளைவிக்கிறது. இலக்கணப் பகுப்பு இங்கே வரிப்பகுப்பைத் தீர்மானிக்கிறது.

4. விகிதமும் எழுத்தின் உடலமைப்பும்

பெயர்ப்பலகை பற்றிய பொதுவிவாதம் மொழிகளின் வரிசை, அளவு என்னும் இரண்டைச் சுற்றியே நிகழ்கிறது. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் விதிகள் (1948) தமிழ்ப் பெயர்ப்பலகையை வலியுறுத்துகின்றன. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்னும் விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. புதுச்சேரியிலும் 2025-இல் கடைப் பெயர்ப்பலகைகள் தமிழில் அமைய வேண்டும் என்னும் அறிவிப்பு சட்டப்பேரவையில் வெளியானது. இவை தேவையானவை. ஆனால் ‘அளவு’ என்பது எழுத்தின் எப்பகுதியை அளப்பது என்பது தெளிவுபடாதவரை விகிதம் தன் நோக்கத்தை முழுமையாக எய்தாது.

உரோமன் பேரெழுத்துகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பவை. வரியின் முழு உயரத்தையும் எழுத்துடலே நிரப்பும். தமிழ் வரி மூன்று தளங்களை உடையது. இகர, ஈகாரக் குறிகளும் புள்ளியும் மேல்தளத்தில் அமையும். ‘சு’, ‘லூ’ முதலியவை கீழ்த்தளத்தில் இறங்கும். எழுத்துடல் இடைத்தளத்தில் நிற்கும். தமிழ் வரிக்கு 50 செ.மீ., ஆங்கில வரிக்கு 30 செ.மீ. என விகிதப்படி ஒதுக்கியதாகக் கொள்வோம். தமிழ் வரியில் மேலும் கீழும் காற்பங்கு குறிகளுக்குச் சென்றால் எழுத்துடலின் உயரம் 25 செ.மீ. மட்டுமே. ஆங்கிலப் பேரெழுத்தின் உயரம் 30 செ.மீ. விதி ஐந்துக்கு மூன்று என்கிறது. கண்ணோ ஐந்துக்கு ஆறு எனக் காண்கிறது. எனவே விகிதத்தை எழுத்துடலின் உயரத்தைக் கொண்டு கணக்கிடுதலே முறை.

தமிழ் இடத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் என்னும் கருத்தும் மீளாய்வுக்குரியது. ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ என்பது பதினோர் எழுத்துகளால் ஆனது. மே, லை ஆகியவற்றின் கொம்பையும் இணைக்கொம்பையும் தனியே எண்ணினாலும் வரியில் பதின்மூன்று உருக்களே. இதற்கு நேரான ஆங்கிலத் தொடரைச் சுருக்காமல் எழுதினால் முப்பத்தொரு எழுத்துகள். தமிழ் எழுத்தின் அகலம் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் ஆங்கிலம் பலகையில் குறுகித் தோன்றுவதற்கு அதன் சொற்கள் சுருக்கக் குறியீடுகளாக வெட்டி எழுதப்படுவதே முதற்காரணம். வெட்டிய ஆங்கிலத்தோடு வெட்டாத தமிழை ஒப்பிட்டுத் தமிழைக் குறைகூறுதல் பொருந்தாது. அவ்வொப்பீட்டின் விளைவாகவே தமிழ் எழுத்துகள் கணினியில் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, ‘ணை’ போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டுப் போகின்றன.

தெருவின் அமைப்பும் கணக்கில் கொள்ளத்தக்கது. ஒழுங்கான கட்டவடிவில் அமைந்த பழைய நகரின் தெருக்கள் அகலம் குறைந்தவை. நீண்ட முகப்பைக் கொண்ட கட்டடத்தை எதிரே நின்று முழுமையாகக் காண்பது அரிது. நடந்து வருபவர் அதனைச் சாய்கோணத்திலேயே காண்கிறார். அக்கோணத்தில் எழுத்துகளின் அகலம் சுருங்கி, அருகருகே உள்ளவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவைபோல் தோன்றும். எழுத்துயரத்தை மட்டும் கூட்டுவதால் இது தீராது. எழுத்திடைவெளியைக் கூட்டுதலும், வாயிலருகே நடப்பவர் கண்மட்டத்தில் மற்றொரு சிறிய பெயர்ப்பொறிப்பு அமைத்தலுமே தீர்வு. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானக் கல்வெட்டுகள் நடந்துகொண்டே படிப்பதற்குரியவை. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறள்களும் நடைவழியில் பொறிக்கப்பட்டிருப்பதும் அவ்வகையதே. தொலைவிலிருந்து அறியும் எழுத்தும், நடந்து படிக்கும் எழுத்தும் வெவ்வேறு என்னும் தெளிவு தமிழ்க் கட்டட மரபுக்குப் புதிதன்று.

5. புள்ளி: இலக்கணமும் பொருத்துதலும்

மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெறுதல் என்பது தொல்காப்பியம் காட்டும் விதி. ஓலையிலும் கல்லிலும் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. படிப்பவர் இடமறிந்து இட்டுப் படித்தனர். அச்சு அதனை நிலைப்படுத்தியது. வெட்டெழுத்து முறை அதனை மீண்டும் ஐயத்திற்கு உள்ளாக்கியுள்ளது. எஃகிலோ அக்ரிலிக்கிலோ எழுத்துகளைத் தனித்தனியே வெட்டிச் சுவரில் பொருத்தும்போது ஒவ்வொரு புள்ளியும் தனி உறுப்பு ஆகிறது. அதற்குத் தனி ஆணியும் தனித் துளையும் வேண்டும். ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ என்னும் தொடரில் பதின்மூன்று உருக்களோடு மூன்று புள்ளிகளும் சேர்ந்து பதினாறு உறுப்புகள் ஆகின்றன. மிகச் சிறியவையான அம்மூன்றே முதலில் உதிர்பவை. உதிர்ந்தபின் எஞ்சுவது ‘மேலநிலைப பளளி’.

பிரெஞ்சு எழுத்துக்கும் இதனையொத்த இழப்பு உண்டு. பேரெழுத்தில் எழுதும்போது உயிரின் மேலுள்ள குறியை விட்டுவிடும் வழக்கம் பரவலானது. அக்குறி நீங்கினால் இப்பள்ளியின் பெயரீறு ஆங்கிலம் அறிந்தவர் வாயில் ஒலியற்றுப்போய்க் ‘கால்வ்’ என மேலும் திரியும். தமிழ் வடிவத்திலோ வேறொரு நிலை எழுகிறது: ‘கல்வே’ என்பதன் புள்ளி உதிர்ந்தால் ‘கலவே’ என்றாகி, மூலமான ‘கலவை’க்கு ஓரடி நெருங்கி வருகிறது. சிறுகுறி ஒன்றின் இருப்பும் இன்மையும் ஒரு பெயரின் வரலாற்றை எவ்வளவு மாற்றவல்லவை என்பதற்கு இது சான்று.

ஆகவே புள்ளியைத் தனியுறுப்பாக விடாமல், பின்புறம் மெல்லிய இணைப்புத் தகட்டால் எழுத்துடலோடு சேர்த்து வெட்டுதல் வேண்டும். அல்லது எழுத்தைப் பலகைக்கல்லில் குழிவாகச் செதுக்குதல் வேண்டும். பொருத்துவதற்கு முன் முழு அளவுத் தாள்படிவம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, துளையிடும் இடங்களைக் குறிப்பது தொழில்முறை வழக்கம். மொழியறிந்தவர் பிழை திருத்துவதற்குரிய இறுதி வாய்ப்பு அதுவே. ‘மேல்நிலைப் பள்ளி’ என்பதில் மிகும் பகர ஒற்று, ‘கலவைக் கல்லூரி’ என்பதில் மிகும் ககர ஒற்று ஆகியன கணினித் திரையில் கண்ணுக்குத் தப்பலாம். சுவரளவில் தப்புவது கடினம். பள்ளியின் தமிழாசிரியர் அத்தாள்படிவத்தில் கையொப்பமிட்ட பின்னரே துளையிடுதல் என்னும் நடைமுறை செலவற்றது, பயன் பெரியது.

எழுத்துருவின் காலமும் கருதத்தக்கது. 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய முகப்புகளில் லை, னை முதலியவை பழைய துதிக்கை வடிவில் இருக்கலாம். அவற்றைப் ‘பிழை’ எனக் கருதிப் பெயர்த்தெடுப்பது வரலாற்றுச் சான்றை அழிப்பதாகும். பழைய பொறிப்பைக் காத்தலும், புதியதைப் புதிய வடிவில் எழுதுதலுமே முறை.

6. சுவரோடு பிணைதல்

மரபுக் கட்டடங்களில் எழுத்து சுவரோடு கொள்ளும் உறவு இருவகைப்படும். சுதையில் புடைப்பாகவோ கல்லில் குழிவாகவோ அமைந்த எழுத்து கட்டடத்தின் உறுப்பு. தகட்டிலோ நெகிழித் துணியிலோ அமைந்து சுவரில் தொங்கும் எழுத்து கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. முன்னது கட்டடம் உள்ளவரை நிற்கும். பின்னது ஆட்சியோ ஒப்பந்தமோ மாறும்போது அகலும். ஒரு பள்ளி முகப்பில் பிரெஞ்சு சாந்தோடு கலந்தும் தமிழ் தகட்டில் தொங்கியும் இருக்குமாயின், தமிழ் எத்துணைப் பெரிதாக எழுதப்பட்டிருப்பினும் விருந்தினர் நிலையிலேயே உள்ளது. விகித விதிகள் இதனை அளப்பதில்லை.

பொருள் சார்ந்த காரணமும் உண்டு. புதுச்சேரி கடலோர நகரம். உப்புக்காற்றில் இரும்பாணிகள் துருவேறிச் சுண்ணாம்புச் சாந்தில் கறைபடியச் செய்யும். துரு விரிந்து சாந்தைப் பிளக்கும். ஆணி தவிர்க்க இயலாத இடத்தில் கடலோரப் பயன்பாட்டுக்குரிய 316 வகைத் துருவேறா எஃகே ஏற்றது. துளைகள் செங்கல்லின் நடுவில் விழாமல் சாந்து இணைப்புகளில் விழுமாறு அமைத்தால் பின்னர் அடைத்துச் சீர்செய்ய இயலும். நெகிழிப் பதாகை சுவரை மூடி ஈரத்தை உள்ளே தேக்குகிறது. சுவர் மூச்சுவிட வேண்டும் என்னும் கொத்தர் வழக்கு சுண்ணாம்புக் கட்டடங்களுக்கு அறிவியல் முறையிலும் பொருந்தும். இக்காரணங்களால் சுதைப் புடைப்பெழுத்தே இத்தகைய கட்டடத்திற்கு உகந்தது. அது பிரெஞ்சுப் பாணியின் தொடர்ச்சியாக மட்டுமன்றி, கோபுரச் சுதைவேலை அறிந்த தமிழ்க் கைவினைஞரின் தொடர்ச்சியாகவும் அமையும்.

7. இருமொழிப் பகிர்வு: பாகூர் தரும் ஒளி

கல்வி நிறுவனம் ஒன்றின் பொருட்டு இரு மொழிகளில் எழுதும் வழக்கம் இப்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களோடு தொடங்கியதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு, பாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த செய்தியைக் கூறுகிறது. அதில் வடமொழியும் தமிழும் உள்ளன. வடமொழிப் பகுதி மரபைப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதி நடைமுறை விவரங்களைப் பதிவு செய்கிறது.

பெருமைக்கு ஒரு மொழி, நடைமுறைக்கு மற்றொரு மொழி என்னும் இப்பகிர்வு பிரெஞ்சுக் காலத்திலும் தொடர்ந்தது. இன்றைய சுற்றுலாச் சூழலில் அது புதிய உருவம் கொண்டுள்ளது. பிரெஞ்சு எழுத்து நகரின் அழகுக் குறியாகவும், தமிழ் எழுத்து அரசாணை நிறைவேற்றமாகவும் கையாளப்படும் போக்கு வளர்கிறது. பள்ளி முகப்பு இப்போக்கை ஏற்கலாகாது. அங்கே தமிழ் தகவலாக மட்டும் நில்லாமல் பெருமையும் உரைக்க வேண்டும். ‘கலவை’ எனத் தன் வடிவில் எழுதப்படுவதே அப்பெருமையின் தொடக்கம்.

8. சுவர் வரைவுகள்

பெயரெழுத்துக்கு அப்பால் பள்ளிச் சுவர்களில் தீட்டப்படும் பெரிய வரைவுகளும் இத்திறனாய்வின் எல்லைக்குள் வருவன. கட்டடத்தையே கற்றல் துணைக்கருவியாக்கும் ‘பாலா’ என்னும் கருத்தாக்கத்தை தில்லியின் வின்யாஸ் கட்டடக்கலை ஆய்வு மையம் யுனிசெப் துணையுடன் வளர்த்தெடுத்தது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக அது பரவியது. கதவு திறக்கும் தரையில் கோண அளவுகளைக் குறித்தல், சன்னல் கம்பிகளை எழுத்துப் பயிற்சிக்குரிய வடிவில் வளைத்தல் முதலியன அதன் கூறுகள். அக்கருத்தின் வலிமை, வரைவு கட்டடத்தின் இயக்கத்தோடு பிணைந்திருப்பதில் உள்ளது. கதவு நகர்ந்தால்தான் கோணம் விளங்கும். எங்கும் ஒட்டத்தக்க கேலிச்சித்திர விலங்குகளும் பொன்மொழிகளும் அவ்வகையின அல்ல. அவை எந்தப் பள்ளிக்கும் உரியவை, ஆதலால் எந்தப் பள்ளிக்கும் உரியவை அல்ல.

கலவைக் கல்லூரி போன்ற பள்ளிக்கு உரிய வரைவு அதன் பெயரிலேயே உள்ளது. கலவை எவ்வாறு கல்வே ஆயிற்று, பிள்ளை எவ்வாறு புல்லே ஆயிற்று, உழவர்கரை எவ்வாறு உல்கரே ஆயிற்று என்பவற்றை உட்சுவர் ஒன்றில் இரு எழுத்துகளிலும் நிரல்படக் காட்டினால், மாணவர் தம் ஊர்ப்பெயர்களைக் கொண்டே ஒலியியலின் முதற்பாடத்தைப் பெறுவர்.

9. மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். ‘கல்வே’ என்னும் தமிழ் வடிவமும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கு. பாரதிதாசன் வரலாற்றோடு இணைந்தது. அதனை நீக்குவது வரலாற்றை நீக்குவதாகாதா என்பது முதலாவது. வழக்கின் வலிமை மறுக்கற்பாலதன்று. ஆயின் முகப்பும் வரலாற்றுப் பதிவும் வெவ்வேறு பணியுடையன. முகப்பு பெயரைக் கூறுவது. உட்சுவர் அப்பெயரின் வரலாற்றைக் கூறுவது. ‘கல்வே’ வடிவத்திற்கு உட்சுவரில் உரிய இடம் உண்டு. நூலாசிரியர்களும் இரு வடிவங்களையும் இணைத்துக் குறிக்கலாம்.

மரபுக் கட்டடத்தின் முகப்பை மாற்றலாகாது என்பது இரண்டாவது. பிரெஞ்சுப் பெயர் வடிவத்தை அதன் குறியோடு அவ்வாறே காத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடும் ஆகும். அவ்வடிவம் புதுச்சேரித் தமிழர் ஒருவர் பிரெஞ்சு ஆட்சியின்கீழ்த் தம் பெயரை எழுதிய முறைக்குச் சான்று. மறுக்கப்படுவது, அச்சான்றினைத் தமிழெழுத்தில் படியெடுத்து அதுவே தமிழ்ப்பெயர் எனக் கொள்ளும் போக்கு மட்டுமே.

முடிவுரை

2006-இல் ஆட்சிப்பகுதியின் அலுவல்முறைப் பெயர் புதுச்சேரி என மாற்றப்பட்டபோது, தமிழர் நாவில் என்றும் வழங்கிய பெயர் உரோமன் எழுத்திலும் தன் இடத்தைப் பெற்றது. கலவைக் கல்லூரியின் பெயர் அதற்கு நேர்மாறான நிலையில், தமிழெழுத்திலேயே தன் வடிவத்தைத் தேடி நிற்கிறது. நகரின் பெயருக்கு ஆணையும் சட்டமும் தேவைப்பட்டன; ஒரு பள்ளி முகப்புக்குத் தேவைப்படுவன இரண்டு உருக்களும் ஒரு முடிவும் மட்டுமே.

பள்ளி முகப்பெழுத்தை மதிப்பிட இக்கட்டுரை மூன்று வினாக்களை முன்வைத்தது. பெயர் தன் மொழியின் வடிவில் எழுதப்பட்டுள்ளதா? எழுத்து சுவரின் உறுப்பாக உள்ளதா, சுவரில் தொங்குகிறதா? தெருவில் நடப்பவர் கண்ணுக்கு எழுத்துடலும் புள்ளியும் தெளிவாகத் தெரிகின்றனவா? இம்மூன்றுக்கும் விடை கூறுவோர் வடிவமைப்பாளர் மட்டுமல்லர். பெயராய்வும் ஒலியியலும் எழுத்திலக்கணமும் கற்பிக்கும் தமிழ்த்துறையினருக்கும் அப்பொறுப்பு உண்டு. தாள்படிவம் சுவரில் ஒட்டப்படும் நாளில் அவர்கள் அங்கே இருத்தல் வேண்டும். ஆணி இறங்கியபின் எழுதப்படும் மறுப்புக் கட்டுரை அடுத்த முகப்புக்குத்தான் பயன்படும்.